கிளிக் செய்த இடத்தில் என்ன இருக்கிறது?

கணினித் திரையில் ஒரு வரைபடம். ஏதோ ஒரு மாவட்டத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய் அழுத்துகிறோம். ஓரத்தில் ஒரு பெட்டி திறந்து அந்த மாவட்டத்தின் பெயர், பரப்பளவு, மக்கள்தொகை என்று ஒப்பிக்கிறது. நாம் மாவட்டத்தைத் தொட்டோம், அது பதில் சொன்னது என்றுதான் தோன்றும். ஆனால் நிரலுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி இவ்வளவுதான்: இடமிருந்து 310ஆவது பிக்சல், மேலிருந்து 175ஆவது பிக்சல், இடது பொத்தான். மாவட்டம் என்று ஒன்று அங்கே இருப்பது மவுஸுக்கும் தெரியாது, விண்டோஸுக்கும் தெரியாது. மிச்சத்தையெல்லாம் நிரல்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தொட்ட பொருள் எதுவென்று கணினிக்கு நேரடியாகவே தெரிந்த காலமும் ஒன்று இருந்தது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடி ஆய்வேட்டுக்காக டிஎக்ஸ்-2 கணினியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் இயங்கியது. அந்தப் பேனா ஒளியைக் கக்காது, ஒளியை உணரும். திரையில் படம் புள்ளி புள்ளியாக வரையப்படும். பேனாவின் முனைக்கு நேரே ஒரு புள்ளி மின்னியதும் சமிக்ஞை போகும். அந்த நொடியில் தான் எந்தக் கோட்டின் புள்ளியை வரைந்துகொண்டிருக்கிறது என்பது கணினிக்குத் தெரியுமல்லவா? தொட்ட கோடு எது என்ற கேள்விக்கு விடை கையிலேயே இருந்தது. மறு ஆண்டு டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் ஒரு மரப்பெட்டிக்கு அடியில் இரண்டு சக்கரங்களைப் பொருத்தி முதல் மவுஸைச் செய்தார்கள். பேனாவைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கை கடுக்க உட்கார வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. ஆனால் மவுஸ் ‘எங்கே’ என்று மட்டும்தான் சொல்லும். ‘எது’ என்பது அன்றிலிருந்து நிரலாளர் தலையில் விழுந்தது.

சாதாரணச் செயலிகளில் இந்தச் சுமை தெரிவதில்லை. ‘சேமி’ பொத்தான் ஒரு செவ்வகம். அதன் எல்லை, செயலியைக் கட்ட உதவும் கருவித்தொகுப்புக்குத் தெரியும். உள்ளே விழுந்த கிளிக்கை அது பொத்தானிடம் ஒப்படைத்துவிடும். வரைபடம் அப்படியல்ல. 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கி, இன்று உலகம் முழுக்க நில அளவைத் துறைகளும் மாணவர்களும் இலவசமாகப் பயன்படுத்தும் கியூஜிஐஎஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது கியூட் என்னும் கருவித்தொகுப்பின் மேல் எழுதப்பட்டது. கியூட்டின் கண்ணுக்கு வரைபடப் பரப்பு முழுவதும் ஒரே ஒரு செவ்வகம். அதற்குள் ஆறு ஓடுகிறதா, ஆயிரம் ஊர்கள் இருக்கின்றனவா என்பதெல்லாம் அதற்கு அக்கறையில்லாத விஷயம். செவ்வகத்தின் வாசலோடு அதன் வேலை முடிந்தது.

முதல் சிக்கல் அந்த வாசலிலேயே நிற்கிறது: வந்தது கிளிக்தானா? கிளிக் என்று தனியாக ஒரு நிகழ்வு மவுஸில் கிடையாது. அழுத்தல் ஒன்று, விடுதல் ஒன்று, நடுவில் நகர்வுகள். வரைபடத்தில் இதே இடது பொத்தானைப் பிடித்து இழுத்துத்தான் ஊரை நகர்த்துகிறோம். அழுத்தி விடுவதற்குள் மனிதக் கை ஓரிரு பிக்சலாவது அசையும். வயதானவர் கை இன்னும் கூடுதலாக அசையும். எனவே ‘இவ்வளவு தூரம் வரை அசைந்தால் கிளிக், தாண்டினால் இழுப்பு’ என்று ஒரு வரம்பு வேண்டும். விண்டோஸின் இயல்பான வரம்பு 4 பிக்சல், கியூட்டின் இயல்பு 10. வரம்பு குறைந்தால் பெட்டி திறக்காமல் வரைபடம் லேசாகத் துள்ளும். பயனர் மறுபடி மறுபடி அழுத்திச் சலித்துப்போவார். கூடினால் இழுக்கும்போது வரைபடம் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு வெடுக்கென்று நகரும்.

இந்தத் தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் பல செயலிகள் சறுக்குகின்றன. அழுத்திய இடத்திலிருந்து அளக்க வேண்டும். முந்தைய நகர்விலிருந்து அளந்தால், ஒருவர் மெல்ல மெல்ல ஒவ்வொரு பிக்சலாக இழுத்துத் திரையின் மறுகோடிக்கே போனாலும் அது கிளிக் என்றே கணக்காகும். இன்னொன்று: வரம்பை ஒருமுறை தாண்டியபின் கை பழைய இடத்துக்கே திரும்பி வந்து விட்டாலும் அது இழுப்புதான். விடும் இடத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கும் நிரல் இங்கே ஏமாறும். நல்ல வேளையாக, அழுத்தியபின் மவுஸ் சன்னலைவிட்டு வெளியே போய்விட்டாலும், விடும்வரை எல்லா நகர்வுகளையும் அழுத்திய செவ்வகத்துக்கே கியூட் அனுப்பிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் வெளியே போய் விட்டுத் திரும்பும்போது வரைபடம் மவுஸோடு ஒட்டிக்கொண்டே வரும்.

இரட்டைக் கிளிக் இதைவிடத் தொல்லை. முதல் கிளிக் வந்தபோது இரண்டாவது வரப்போகிறதா என்று யாருக்குத் தெரியும்? விண்டோஸ் இயல்பாக 500 மில்லிநொடி வரை காத்திருக்கச் சொல்கிறது. ஒற்றைக் கிளிக்குக்குத் தகவல் பெட்டி, இரட்டைக் கிளிக்குக்குப் பெரிதாக்கம் என்று வைத்தால், பெரிதாக்க நினைத்தவர் முகத்தில் முதலில் ஒரு தகவல் பெட்டி அறையும். ஓப்பன்லேயர்ஸ் என்ற வரைபட நூலகம் ‘உண்மையான ஒற்றைக் கிளிக்’ என்றே தனி நிகழ்வு வைத்து, அதை 250 மில்லிநொடி தாமதித்து அறிவிக்கிறது. கால் நொடி சோம்பல் கொஞ்சம் உறுத்தும். கோப்பு மேலாளர்கள் செய்வதே நல்லது என்பது என் கட்சி: முதல் கிளிக் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது திறக்கும். முதல் செயல் இரண்டாவதற்குத் தடையாக இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டியதே இல்லை.

சரி, கிளிக்தான் என்று முடிவாயிற்று. பிக்சல் தரையாக மாற வேண்டும். இதற்கு இந்திய–வங்கதேச எல்லையில், கூச் பிஹார் பக்கம் போவோம். ஏன் என்பது பின்னால் விளங்கும். திரையின் இடது மேல் மூலை தரையில் கிழக்கே 98,79,000, வடக்கே 30,16,000 என்ற இடத்தில் இருப்பதாகவும், ஒரு பிக்சல் 2 அலகு என்றும் வைத்துக்கொள்வோம். 310ஆவது பிக்சல் என்றால் கிழக்கே 620 கூட்டி 98,79,620. 175 என்றால் வடக்கில் 350 கழித்து 30,15,650. ஒன்றைக் கூட்டினோம், மற்றதைக் கழித்தோம். காரணம், திரையில் எண்கள் மேலிருந்து கீழாக வளர்கின்றன, வரைபடத்தில் தெற்கிலிருந்து வடக்காக வளர்கின்றன. கழிக்க மறந்து கூட்டிவிட்டால் கிளிக் 700 அலகு வடக்கே, திரையிலேயே இல்லாத ஒரு வயலில் போய் விழும்.

‘அலகு’ என்று மழுப்பியதற்கும் காரணம் உண்டு. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் என்ற வரைமுறை, அலகுகளை மீட்டர் என்று சொல்லிக்கொள்ளும். அது நிலநடுக்கோட்டில்தான் மெய். வடக்கே போகப் போக நிலம் இழுபட்டுப் பெரிதாகத் தெரியும். கூச் பிஹாரின் 26 பாகையில் இழுவை ஏறக்குறைய 11 சதவீதம். இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே உள்ள தூரத்தை இந்த அலகில் அப்படியே கழித்துச் சொல்லும் செயலி, 900 மீட்டர் நிலத்தை 1,000 மீட்டர் என்று துணிந்து சொல்லும்.

அட்சரேகை, தீர்க்கரேகை வரிசை மாறுவதும் அடிக்கடி நடப்பது. கணிதப் பழக்கம் கிழக்கு எண்ணை முதலில் சொல்லும். புவியியல் பழக்கம் வடக்கு எண்ணை முதலில் சொல்லும். நூலகத்துக்கு நூலகம் வழக்கம் வேறு. கூச் பிஹார் வட்டாரம் வடக்கே 26 பாகை, கிழக்கே 89 பாகை. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் கிளிக் வட துருவத்திலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

இடம் தப்பிப் போகும் கிளிக்குகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எப்படித் தப்புகிறது என்பதிலேயே நோய் தெரிந்துவிடும். திரை முழுக்க ஒரே அளவு விலகினால் தொடக்கப்புள்ளி தவறு. பெரும்பாலும் கருவிப்பட்டையின் உயரத்தையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். இடது மேல் மூலையில் துல்லியமாக இருந்து, வலது கீழே போகப் போக விலகல் வளர்ந்தால் அளவு விகிதம் தவறு. இப்போதைய மடிக்கணினிகளில் இது சகஜம். திரையை 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். இயங்குதளம் ஒரு பிக்சல் என்று சொல்வது திரையின் ஒன்றரைப் பிக்சல். படத்தை ஒரு கணக்கில் வரைந்து, கிளிக்கை மறு கணக்கில் படித்தால் இப்படித்தான் ஆகும். நிரலை எழுதியவர் கணினியில் 100 சதவீதம் என்பதால் அவரிடம் எல்லாம் சரியாகவே நடக்கும்.

இனிதான் கூச் பிஹாருக்கு வந்த காரணம். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் நிலத்துண்டுகளும், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் நிலத்துண்டுகளும் 2015 வரை தீவுகளைப்போலச் சிதறிக் கிடந்தன. உள்ளூரில் அவற்றுக்கு சிட்மஹால் என்று பெயர். முன்பு கூச் பிஹார் அரசுக்கும் முகலாயர் கையிலிருந்த ரங்பூர் பகுதிக்கும் நடுவே நிலம் கைமாறிக் கைமாறி உண்டான குழப்பத்தின் எச்சம் அது. அதிலும் தஹாலா காக்ராபாரி என்ற துண்டு அன்று உலகத்திலேயே தனி. ஏறத்தாழ 1.7 ஏக்கர் இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேசக் கிராமம் உபன்சௌகி பஜனி. அதைச் சுற்றி இந்தியத் துண்டு பாலாபாரா காக்ராபாரி. அதையும் சுற்றி வங்கதேசம். அந்த வயலில் ஒரு கிளிக். இது எந்த நாடு?

நிரல் செய்வது வேடிக்கையான ஒரு காரியம். கிளிக் விழுந்த புள்ளியிலிருந்து ஒரு நேர்கோட்டை ஏதாவது ஒரு திசையில் முடிவில்லாமல் நீட்டுகிறது. அந்தக் கோடு இந்தியாவின் எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது என்று எண்ணுகிறது. ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. கோட்டைத் தெற்கே வங்காள விரிகுடா பக்கம் நீட்டுவோம். தஹாலாவைவிட்டு வெளியேறும்போது ஒரு வெட்டு. உபன்சௌகியைவிட்டு வெளியேறி மறுபடி இந்தியத் துண்டுக்குள் நுழையும்போது இரண்டு. பாலாபாராவைவிட்டு வெளியேறும்போது மூன்று. வழியில் வேறு சிட்மஹாலோ வேறு இந்தியப் பகுதியோ குறுக்கிட்டால் நுழைய ஒன்று, வெளியேற ஒன்று; இரட்டையாகக் கூடுவதால் கணக்கு கெடாது. மூன்று ஒற்றைப்படை, ஆகவே இந்தியா. எல்லை எவ்வளவு நெளிந்தாலும், எத்தனை அடுக்காகப் பொதிந்தாலும் இந்த எண்ணிக்கை அசராது. தன்னைத்தானே வெட்டாத மூடிய கோடு ஒன்று தளத்தை உள், வெளி என்று இரண்டாகப் பிரிக்கும் என்று பிரெஞ்சுக் கணிதர் கமீல் ஜோர்டான் 1887இல் நிறுவ முனைந்த தேற்றம்தான் அடியில் இருக்கிறது. பார்த்தாலே தெரிகிற இதற்கு நிரூபணம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நிரூபிப்பது என்னவோ எளிதாக இருக்கவில்லை.

வெளி எல்லையை மட்டும் பார்த்து, உள்ளே இருக்கும் ஓட்டைகளை எண்ணாமல் விடும் நிரல்கள் உண்டு. அவை உபன்சௌகி கிராமத்து வங்கதேசக்காரரை இந்தியராக்கிவிடும்.

கோடு ஏதாவது ஒரு முனையின் மேலேயே போனால் என்ன ஆகும்? எல்லை என்பது சிறு சிறு நேர்த்துண்டுகளின் சங்கிலி. இம்முறை கிழக்கே நீட்டிய கோடு இரண்டு துண்டுகள் சேரும் முனையைத் தொட்டால், இரண்டோடும் ஒவ்வொரு வெட்டு என்று இரண்டாக எண்ணப்படலாம். ஒற்றை இரட்டையாகிவிடும், நாடு மாறிவிடும். இதற்கான மருந்து ஒரே வரி: துண்டின் ஒரு முனை கோட்டுக்கு மேலே இருந்து, மறுமுனை மேலே இல்லாமல் இருந்தால் மட்டும் எண்ணு. ‘கோட்டின் மேலேயே’ இருப்பதை எப்போதும் ‘மேலே இல்லை’ என்ற பக்கத்தில் சேர். அமெரிக்கப் பேராசிரியர் டபிள்யூ. ராண்டால்ஃப் ஃபிராங்க்ளின் எழுதி, எண்ணற்ற செயலிகளுக்குள் நகலெடுக்கப்பட்டுப் போயிருக்கும் சில வரி நிரலின் உயிர் இந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. இதில் ஒரு கூடுதல் லாபம்: இரண்டு மாவட்டங்களின் பொது எல்லைமேல் சரியாக விழுந்த கிளிக்கும் ஏதாவது ஒரு மாவட்டத்துக்கே போகும். இரண்டும் உரிமை கொண்டாடாது, இரண்டும் கைவிடாது.

2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் இந்தத் துண்டுகளை மாற்றிக்கொண்டன. வங்கதேசத்துக்குள் இருந்த 111 இந்தியத் துண்டுகள் அந்நாட்டுக்கும், இந்தியாவுக்குள் இருந்த 51 துண்டுகள் இந்தியாவுக்கும் போயின. தஹாலா காக்ராபாரி இன்று வங்கதேசம். அதே புள்ளி, அதே கோடு, அதே நிரல். எல்லைக் கோப்பு பழையதாக இருந்தால் மட்டும் ‘இந்தியா’ என்றே பதில் வரும்.

பத்து லட்சம் நிலத்துண்டுகள் உள்ள ஒரு கோப்பில் ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்து எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு வடிவத்தையும் ஒரு செவ்வகத்தால் கட்டி, கிளிக் அந்தச் செவ்வகத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள்; நான்கு ஒப்பீடுகளில் முடிந்துவிடும். செவ்வகங்களைப் பெரிய செவ்வகங்களுக்குள்ளும், அவற்றை இன்னும் பெரியவற்றுக்குள்ளும் அடுக்கிவைக்கும் ஆர்-மரம் என்ற அமைப்பை அன்டோனின் கட்மன் 1984இல் வெளியிட்டார். தபால்காரர் கடிதத்தை மாநிலம், மாவட்டம், தெரு என்று பிரிப்பதைப் போலத் தேடல் இறங்கிப் போகும். கடைசியில் கோடு இழுக்க வேண்டியவை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சும்.

கணக்கே போடாமல் தப்பிக்கும் தந்திரம் ஒன்றும் உண்டு. திரையில் காட்டாத ஒரு மறைவான படத்தில் அதே வரைபடத்தை இன்னொரு முறை வரைவார்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி நிறம் கொடுத்து. கிளிக் விழுந்த பிக்சலின் நிறத்தைப் படித்தால் அதுவே பொருளின் வரிசை எண். 24 பிட் நிறத்தில் 1,67,77,216 எண்கள் கிடைக்கும், தாராளம். சதர்லேண்டின் ஒளிப்பேனா செய்ததற்கு இது தூரத்து உறவு என்றுகூடச் சொல்லலாம். விளிம்புகளை மென்மையாக்கும் வசதியை அணைக்க மறந்தால்தான் வினோதம். 100ஆம் எண் ஊரும் 200ஆம் எண் ஊரும் தொடும் விளிம்பில் இரண்டு நிறமும் கலந்து 150 ஆகும். அடுத்த மாநிலத்தில் இருக்கும் சம்பந்தமே இல்லாத 150ஆம் ஊர் பதில் சொல்லும்.

ஆறும் சாலையும் கிணறும் வேறு வகை. கோட்டுக்கு அகலம் கிடையாது, புள்ளிக்குப் பரப்பே கிடையாது. அவற்றின் மேல் மிகச் சரியாக அழுத்துவது நடக்காத காரியம். எனவே சுற்றி எவ்வளவு தூரம்வரை மன்னிப்பது என்று ஒரு அளவு வேண்டும். கியூஜிஐஎஸ் இயல்பாக 2 மில்லிமீட்டர் மன்னிக்கிறது. மீட்டரிலோ பிக்சலிலோ சொல்லாமல் திரையின் மில்லிமீட்டரில் சொன்னது புத்திசாலித்தனம். தடுமாறுவது கை, கைக்கு வரைபடத்தின் அளவுகோல் தெரியாது. வழக்கமான திரையில் அது ஏழெட்டுப் பிக்சல். நெருங்கிப் பார்க்கும்போது அது தரையில் சில மீட்டர். ஆனால் இணைய வரைபடத்தின் 10ஆம் பெரிதாக்க நிலையில் கூச் பிஹாரில் ஒரு பிக்சலே 137 மீட்டர். தஹாலா காக்ராபாரி முழுவதும் ஒரு பிக்சலுக்குள் அடக்கம். அந்த நிலையில் அதைத் துல்லியமாகக் கிளிக் செய்ய யாராலும் முடியாது. மன்னிப்பு வட்டம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும், பத்துப் பதினைந்து பொருள்கள் ஒன்றாக மாட்டும். அப்போது எதைக் காட்டுவது? ஆறுகள், ஊர்கள் என்று ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அடுக்குகளில் மேலடுக்கில் உள்ளதை மட்டும் காட்டலாம், எல்லாவற்றையும் பட்டியலிடலாம். கியூஜிஐஎஸ் இந்த முடிவைப் பயனரிடமே விட்டிருக்கிறது. மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் கிடைத்ததோடு நிறுத்திக்கொள்ளவும் சொல்லலாம். பகுதிகளின் அடுக்கு மேலேயும் கிணறுகள் கீழேயும் இருந்தால் கிணறு ஒருபோதும் சிக்காது. பலருக்குப் புரியாத புகாராக அது வரும்.

கடைசியாக நேரம். கியூட் செயலியில் மவுஸ் நிகழ்வுகள் அனைத்தும் ஒரே வரிசையில் நின்று, ஒரே இழையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே வேலைத்தொடரில், கையாளப்படுகின்றன. தொலைவில் உள்ள தரவுத்தளத்தைக் கேட்டு விடை வரும்வரை அந்த இழை காத்திருந்தால், சன்னல் வெளுத்து ‘பதிலளிக்கவில்லை’ என்று நிற்கும். கணினியின் எதிர்வினை பத்தில் ஒரு நொடிக்குள் இருந்தால்தான் உடனடியாக நடந்ததாக மனிதருக்குத் தோன்றும் என்று ராபர்ட் மில்லர் 1968லேயே எழுதிவைத்தார். ஆகவே விசாரணையைப் பின்னணி இழைக்குத் தள்ளுகிறார்கள். தள்ளியதும் வேறு பிரச்சினை முளைக்கிறது. ஒருவர் முதலில் ஆற்றையும், பொறுமையிழந்து அடுத்து ஊரையும் கிளிக் செய்கிறார். ஊரின் விடை சட்டென்று வந்து பெட்டியில் உட்கார்ந்துவிட, ஆற்றின் விடை தாமதமாக வந்து அதை அழித்துவிட்டுத் தான் உட்காரும். ஊர் ஒளிர்ந்துகொண்டிருக்கும், பெட்டியில் ஆற்றின் நீளம் இருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஓர் எண் கொடுத்து, கடைசி எண்ணுக்குரிய விடையைத் தவிர மற்றவற்றைக் குப்பையில் போடுவதே வழி.

இதற்கு நடுவில் பயனர் அந்த அடுக்கையே நீக்கியிருக்கவும் கூடும். பின்னணி இழை நீக்கப்பட்ட அடுக்கைத் தொட்டால், சி++ மொழியில் எழுதிய செயலி அந்த இடத்திலேயே கவிழும். அதனால் கியூஜிஐஎஸ், பின்னணிக்குப் போகும் விசாரணையின் கையில் அடுக்கைக் கொடுப்பதில்லை. அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்த ஒரு தரவு மூலத்தைக் கொடுத்தனுப்புகிறது. அடுக்கு இருந்தாலும் போனாலும் விசாரணை முடிந்து திரும்பும்; திரும்பிய விடை இனியும் தேவையா என்பதை முதன்மை இழை பார்த்துக்கொள்ளும்.